மாடி அறையில் பளு தூக்க என்ன வாங்கலாம், எதைப் பட்டறையில் செய்துகொள்ளலாம்?

கேள்வியின் சுருக்கம்: சேலம் அம்மாப்பேட்டையில் முதல் மாடியில் வாடகை வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை காலி. கையில் 40,000 ரூபாய். ஸ்குவாட் (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி நெஞ்சிலிருந்து மேலே தூக்குவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) மூன்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டும். எதை வாங்குவது, எதை உள்ளூரில் செய்துகொள்வது, தரை தாங்குமா?

முதலில் ராடு, அதாவது எடைப் பிளேட்டுகளை மாட்டித் தூக்கும் கம்பி. மற்றதெல்லாம் அதன் பிறகுதான். பணத்தில் தாராளம் காட்ட வேண்டிய ஒரே பொருளும் அதுதான். மீதி எல்லாவற்றிலும் சேலத்துக்காரராகப் பேரம் பேசலாம்.

'ஹோம் ஜிம் செட்' என்று ஒரே பெட்டியில் வருகிறதே, அதை மட்டும் வாங்காதீர்கள். பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிமெண்டோ மணலோ அடைத்த பிளேட்டுகள், மூன்றடி ராடு, ஐந்தடி ராடு, கையுறை, ஸ்கிப்பிங் கயிறு என்று பெட்டி நிறைந்திருக்கும். கான்கிரீட்டின் அடர்த்தி வார்ப்பிரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதே எடைக்கு அந்தப் பிளேட் மூன்று மடங்கு இடத்தை அடைக்கும். நீங்கள் கொஞ்சம் பலம் ஏறி வரும்போது, பிளேட் மாட்ட ராடின் முனையில் இடமே இருக்காது.

கடைகளில் இரண்டு வகை ராடு இருக்கிறது. ஓர் அங்குலத்தை ஒட்டிய தடிமனில் முனை முதல் முனை வரை ஒரே கம்பியாக இருப்பது சாதா ராடு. கைப்பிடிப் பகுதி 28 மி.மீ. தடிமனிலும், பிளேட் மாட்டும் முனை 50 மி.மீ. தடிமனில் தனியாகச் சுழலும்படியும் இருப்பது ஒலிம்பிக் ராடு. போட்டியில் ஆண்களுக்கான அளவு 2.2 மீட்டர் நீளம், 20 கிலோ எடை. பெண்களுக்கு 2.01 மீட்டர், 15 கிலோ, 25 மி.மீ. பிடி. வீட்டில் மனைவியோ தங்கையோ சேர்ந்து செய்வதாக இருந்தாலும் முதலில் 20 கிலோ ராடு ஒன்று போதும்.

சாதா ராடு விற்பவர் 'ஐந்தடி, பத்துக் கிலோ' என்பார். மேஸ்திரிகள் கட்டடக் கம்பிக்குப் போடும் கணக்கு இங்கேயும் செல்லும். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 25 மி.மீ. கம்பி மீட்டருக்கு 3.86 கிலோ, ஐந்தடிக்கு ஆறு கிலோவைக்கூடத் தொடாது. எடையைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று: ஒலிம்பிக் ராடில் இரு பக்கத் தடுப்புகளுக்கு இடையே 131 செ.மீ. இருக்கும். ராக் என்பது ராடை வைக்கக் கொக்கிகளும், தவறினால் தாங்கப் பாதுகாப்புக் கம்பிகளும் உள்ள இரும்புச் சட்டம். அதன் இரண்டு தூண்களும் அந்த இடைவெளிக்குள் அடங்குவதால்தான் ராடு கொக்கியில் உட்காருகிறது. ஐந்தடி ராடில் அந்த இடைவெளி மிகவும் குறைவு. ராக் வாங்கியும் ராடை அதில் வைக்க முடியாமல் நிற்பீர்கள்.

நம் ஊரில் எல்லோரும் சொல்வது, 'லேத் பட்டறையில் கொடுத்தால் பாதி விலையில் கடைந்து தருவார்களே' என்று. பட்டறைக்காரரின் கைத்திறனில் குறையே இல்லை. குறை, கையில் கிடைக்கும் கம்பியில். எம்.எஸ். எனப்படும் மென்னெஃகுக் கம்பியில் பளுவை ஏற்றி, அது ஒருமுறை பாதுகாப்புக் கம்பியின் மேல் தடாலென்று விழுந்தால் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடக்கூடும். நல்ல ராடுக்குப் பயன்படும் எஃகு வளைந்து மீளும் தன்மை கொண்டது. சரியான கலவையும் பதமும் வேண்டும், அதன் பிறகு நர்லிங் (பிடி வழுக்காமல் இருக்கப் போடும் சொரசொரப்பு), அதன் பிறகு முனை சுழல உள்ளே புஷ் எனும் வளையம். ஒரே ஒரு ராடுக்காக இத்தனையும் செய்தால் பணமும் மிஞ்சாது. இன்னொரு பெருமைப் பேச்சு, 'இரும்பாலை இருக்கும் ஊரில் ராடுக்கா பஞ்சம்' என்பது. சேலம் உருக்காலையில் 1981 முதல் உருள்வது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடும் சுருளும். குண்டானுக்கும் நாணயத்துக்கும் உகந்த சரக்கு அது. நமக்கு உதவாது.

எனவே ராடை வெளியூர்ச் சரக்காகவே வாங்குங்கள். உடற்பயிற்சிச் சாமான்கள் பெருமளவு மீரட்டிலும் ஜலந்தரிலும் தயாராகி வருகின்றன. '300 கிலோ தாங்கும்' என்று எழுதியிருப்பதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். எஃகின் இழுவிசை வலிமை எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த விற்பனையாளரிடம் வாங்குவது நல்லது. லாரி பார்சலில் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ராடை அடைத்து வரும் குழாயின் இரு முனைகளும் நசுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

ராடைச் சோதிக்கும் விதம்: இரண்டு கொக்கிகளின் மேல் வைத்துக் கைப்பிடிப் பகுதியை மெல்லச் சுழற்றி, கண்ணை ஒரு முனைக்கு நேராகக் கொண்டுபோங்கள். முனை ஒரே புள்ளியில் நின்று சுழன்றால் ராடு நேராக இருக்கிறது. சிறிய வட்டம் போட்டால் திருப்பி அனுப்புங்கள். அடுத்து, கைப்பிடியை ஒரு கையால் இறுகப் பிடித்து மறு கையால் முனையைச் சுண்டுங்கள். வழுக்கிக்கொண்டு வெகுநேரம் சுழல வேண்டியதில்லை, சிக்காமல் சுழன்றால் போதும். முனையின் கடைசியில் ஆலன் போல்ட் தெரிந்தால் அது மலிவு ராடு. அந்த போல்ட் நாளடைவில் கழலும், மாதம் ஒருமுறை முறுக்க வேண்டும். ஸ்னாப் ரிங் (பள்ளத்தில் பொருந்தும் பூட்டு வளையம்) போட்டிருந்தால் அந்தத் தொல்லை இல்லை. நர்லிங்கை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்: பிடிக்க வேண்டும், கிழிக்கக் கூடாது.

ராக் விஷயத்தில் நேர் எதிர். அதைச் சேலத்திலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் கிரில் பட்டறையில் 'ஒரு ஸ்டாண்டு வேண்டும்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், ஜன்னலுக்கும் கேட்டுக்கும் போடும் மெல்லிய குழாயிலேயே அடித்து வைத்துவிடுவார்கள். அளவை எழுதிக் கொடுங்கள். தூண் இரண்டரை அங்குலச் சதுரக் குழாய், சுவர்த் தடிமன் 3 மி.மீ. இரண்டு தூண்களின் வெளி அகலம் 120 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. துளைகள் 5 செ.மீ. இடைவெளியில், டிரில்லிங் மெஷினில் போட்டதாக இருக்க வேண்டும். வெல்டிங் ராடால் ஊதிப் போட்ட துளைக்குள் பின் ஆடும். வெட்டுவதற்கு முன் குழாயின் வாயில் வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்து அளப்பதைப் பட்டறைக்காரர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொண்டால் வேறு பட்டறை பாருங்கள்.

பாதுகாப்புக் கம்பி இல்லாத ராக் வேண்டவே வேண்டாம். தனியாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெஞ்ச் பிரஸ் செய்யப்போகிறவருக்கு, நெஞ்சின் மேல் ராடு சிக்கினால் ஓடிவர ஆள் இல்லை. பெஞ்சில் படுத்து நெஞ்சை நிமிர்த்தும்போது நெஞ்சுக்குச் சற்றுக் கீழேயும், கழுத்துக்கு மேலேயும் அந்தக் கம்பி நிற்கும்படி துளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். கொக்கியில் ராடு உரசும் இடத்துக்குப் பழைய காய்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகையை அறுத்துப் பொருத்தினால் நர்லிங் தேயாது. முழு ராக்கையும் வெல்டிங்கில் ஒட்ட வேண்டாம். பக்கச் சட்டங்களைத் தனித்தனியாகச் செய்து போல்ட்டில் பூட்டும்படி கேளுங்கள். நம் தெருக்களில் மாடிப்படி திரும்பும் இடத்தில் பீரோ ஏறுவதே பெரும்பாடு, ஏழடி ராக் எப்படி ஏறும்? வாடகை வீடு வேறு. மாற்றும்போது கழற்றத்தான் வேண்டும்.

பெஞ்சும் அதே பட்டறையில். பவர்லிஃப்டிங் விதிப்படி உயரம் 42 முதல் 45 செ.மீ., அகலம் 29 முதல் 32 செ.மீ., நீளம் குறைந்தது 122 செ.மீ. கடைப் பெஞ்சுகள் பல அகலம் குறைந்தவை, தோள்பட்டை நிலைகொள்ளாது. மேலே பிளைவுட்டும் கெட்டி ஃபோமும் வைத்து ரெக்ஸின் தைக்க பைக் சீட் தைக்கும் கடையில் கொடுங்கள். சாய்வு மாற்றும் பெஞ்ச் இப்போதைக்குத் தேவையில்லை.

பிளேட்டுகளுக்கு அழகு பார்க்காதீர்கள். இரும்பு இரும்புதான். மூடப்படும் ஜிம்களிலிருந்து பழைய பிளேட்டுகள் விற்பனைக்கு வரும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் புதியதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் மேலே பொறித்திருக்கும் எடையை நம்பக் கூடாது. பழைய இரும்புக் கடையிலோ லீ பஜார் மண்டியிலோ ஒரு தராசில் ஏற்றிப் பார்த்து, எடை ஒத்தவற்றை ஜோடி சேர்த்துச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். துளை 50 மி.மீ. முனைக்கு ஓரிரு மி.மீ. கூடுதலாக இருக்கலாம், அதற்கு மேல் போனால் ராடில் தாளம் போடும். 20, 10 கிலோவில் ஒவ்வொரு ஜோடி, 5 கிலோவில் இரண்டு ஜோடி, 2.5, 1.25 கிலோவில் ஒவ்வொரு ஜோடி. ராடோடு சேர்த்து 107.5 கிலோ வரும். 20 கிலோவிலிருந்து அதுவரை இரண்டரை இரண்டரைக் கிலோவாக ஏற்றிக்கொண்டே போகலாம். ஒரு வருடத்துக்கு இது தாராளம்.

லேத் பட்டறைக்கு ஒரு வேலை இருக்கிறது: அரைக் கிலோ வில்லைகள். 10 மி.மீ. எம்.எஸ். தகட்டில் 10.4 செ.மீ. விட்டத்துக்கு வெட்டி, நடுவே 51 மி.மீ. துளை போட்டால் கிட்டத்தட்ட அரைக் கிலோ. தோள் பிரஸ் போன்றவற்றில் இரண்டரைக் கிலோ ஏறாமல் திணறும் மாதங்களில் இந்த ஜோடியின் அருமை தெரியும்.

டெட்லிஃப்ட்டில் ஒரு நுட்பம். போட்டிப் பிளேட்டின் விட்டம் 45 செ.மீ.; அதனால் ராடு தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். மலிவான இரும்புப் பிளேட்டுகள் சிறியவை, ராடு தாழ்ந்துபோய் முதுகு வளையும். குறையும் உயரத்துக்கு மரக்கட்டையை அடியில் கொடுத்தால் தீர்ந்தது.

தரைக்கு வருவோம். குடியிருப்பு வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தர விதி சொல்வது சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. உங்கள் அறை 11 சதுர மீட்டர். நீங்களும் ராக்கும் இரும்பும் சேர்ந்தாலும் முன்னூறு கிலோவைச் சுற்றித்தான் வரும். கான்கிரீட் தளமாக இருந்தால் நிற்கும் எடை பிரச்சினையே இல்லை. குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகள் போல மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளமாக இருந்தால் மட்டும், மாடியில் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

ஆபத்து விழும் எடையில்தான். அறையின் நடுவை விட்டு, கீழே சுவரோ உத்திரமோ இருக்கும் பக்கமாக ராக்கைத் தள்ளிப் போடுங்கள். டைல்ஸை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாகச் சத்தம் வரும் டைல் முதல் அடியிலேயே விரியும். எட்டுக்கு நான்கு பிளைவுட் இரண்டு அடுக்கு, அதன் மேல் மாட்டுக் கொட்டகைக்கு விற்கும் கெட்டியான ரப்பர் பாய். ஜிம் மேட் என்ற பெயரில் விற்பதைவிட இது மலிவு, உழைப்பும் அதிகம். மாடு நின்று பழகிய பொருள், நம்மைத் தாங்காதா? புதிதில் வாடை அடிக்கும். சில நாள் வெயிலில் போட்டு எடுங்கள்.

ராடு பன்னிரண்டடிப் பக்கத்துக்கு இணையாக இருக்கட்டும். அப்போதுதான் இரு பக்கமும் பிளேட் மாட்ட இரண்டேகால் அடிக்குமேல் கிடைக்கும். சீலிங் ஃபேனை மறந்துவிடாதீர்கள். நின்றபடி தலைக்கு மேல் தூக்கினால் பிளேட்டின் விளிம்பு எட்டடியை நெருங்கும். சுவர் ஃபேனுக்கு மாறுங்கள். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் ஸ்குவாட் செய்ய முடியாது.

ஸ்னாட்ச் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) ஆசை இருக்கலாம். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றது அந்த இரண்டு தூக்குகளில்தான். அவற்றில் எடையை மேலிருந்து கீழே போட்டே ஆக வேண்டும். அதற்கு முழு ரப்பர் பம்பர் பிளேட்டும் தரைத்தளமும் தேவை. மாடியில் வேண்டாம்.

பராமரிப்பு அதிகமில்லை. துருவுக்கு முதல் காரணம் நம் வியர்வை. துணியால் துடைத்து, நைலான் பிரஷால் நர்லிங்கைத் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் சில துளி விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப்போகும். ஏற்காட்டில் இருப்பவர் இதைப் படித்தால், மூடுபனிக் காலத்தில் வாரந்தோறும் எண்ணெய் போடுங்கள், கைப்பிடி வரை குரோம் பூசிய ராடாகவே வாங்குங்கள். கைக்குப் பூசும் வெள்ளைப்பொடி மெக்னீசியம் கார்பனேட். நம் ஊர் வெள்ளைக்கல் சுரங்கங்களில் தோண்டும் மேக்னசைட்டும் வேதியியல்படி அதேதான். அதற்காகக் கல்லை எடுத்துக் கையில் தேய்க்க வேண்டாம், சுத்திகரித்த கட்டி கடையில் கிடைக்கிறது.

கடைசியாக, கீழ்வீட்டுக்காரர். அம்மாப்பேட்டையில் தறிச்சத்தத்துக்குப் பழகியவர்கள்கூட, தலைக்கு மேல் திடீரென்று விழும் சத்தத்துக்குப் பழக மாட்டார்கள். ராடுக்கு முன்பணம் கட்டும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எந்த நேரம் தொந்தரவில்லை என்று அவரே சொல்வார். டெட்லிஃப்ட்டை மட்டும் ஆட்சேபித்தால், அதே ராடில் முழங்கால் உயரத்துப் பாதுகாப்புக் கம்பியிலிருந்து தூக்கும் ராக் புல் செய்யலாம். கம்பியின் மேல் ரப்பர்த் துண்டு கட்டிவிட்டால் கீழே சத்தம் வெகுவாகக் குறையும். மொத்தமாகவே மறுத்துவிட்டால், பிளேட் மாட்டும் டம்ப்பெல் ஒரு ஜோடியும் அந்தப் பெஞ்சும் போதும். ராக்குக்கு வைத்த பணத்தை அடுத்த வீட்டுக்கு வைத்திருங்கள்.