எண்ணெய்த் தளத்துக்கு ஹெலிகாப்டர் பயணம்: நீச்சல் சரியாக வராதவர் என்ன செய்யலாம்?

கேள்வி: கடலுக்குள் இருக்கும் எண்ணெய்த் தளத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஹெலிகாப்டரில்தான் போய்வர வேண்டும். நீச்சல் சுமாராகத்தான் வரும். விபத்துச் செய்திகளைப் படித்துவிட்டு வீட்டில் பயப்படுகிறார்கள். வெறும் பயணியான நான் என்ன செய்ய முடியும்?

பதில்: வீட்டார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2009 மார்ச்சில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் ஒரு சிகோர்ஸ்கி எஸ்-92 ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. இருந்த 18 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். 2016 ஏப்ரலில் நார்வேயின் டூரோய் தீவருகே எச்225 ஒன்றின் மேல் விசிறி பறக்கும்போதே கழன்றுபோய், 13 பேரும் இறந்தார்கள். இரண்டிலுமே கோளாறு தொடங்கிய இடம் கியர்பாக்ஸ். அங்கே பயணி செய்வதற்கு எதுவும் இல்லை. அது தயாரிப்பாளர், பராமரிப்புக் குழு, அதிர்வுகளைப் பதிவு செய்து முன்கூட்டியே எச்சரிக்கும் ஹம்ஸ் கருவி ஆகியவற்றின் பொறுப்பு.

ஆனால் எல்லா விபத்தும் இப்படி முடிவதில்லை. 2012 மே, அக்டோபர் மாதங்களில் வடகடலில் இரண்டு இசி225 ஹெலிகாப்டர்களை விமானிகள் கட்டுப்பாட்டோடு தண்ணீரில் இறக்கினார்கள். இரண்டிலும் இருந்த 33 பேரும் உயிரோடு மீண்டார்கள். 2013 ஆகஸ்டில் ஷெட்லாந்தின் சம்பரோ விமான நிலையத்தை நெருங்கும்போது ஒரு சூப்பர் பூமா வேகம் குறைந்து கடலில் விழுந்தது. மிதவைகள் விரிந்தும் அது சட்டென்று தலைகீழாகக் கவிழ்ந்தது. இருந்த 18 பேரில் 14 பேர் தப்பினார்கள். நீங்கள் தயாராக வேண்டியது இந்த மாதிரி விபத்துக்குத்தான்.

ஹெலிகாப்டரில் என்ஜின், கியர்பாக்ஸ், விசிறி என்று கனமானதெல்லாம் மேலே இருக்கிறது. அதனால் அலையில் எளிதில் கவிழ்ந்துவிடும். மோதலில் பிழைத்தவர்கள்கூட, கவிழ்ந்த கேபினுக்குள் வழி தெரியாமல் மூழ்கிப்போகும் ஆபத்து இருக்கிறது. தலைகீழாக, இருட்டில், மூக்கில் தண்ணீர் ஏறும்போது மேல் எது, கீழ் எது என்று மூளைக்குத் தெரியாது. குளிர்ந்த கடலென்றால் தண்ணீர் பட்டதும் மூச்சு தானாக வாரி இழுக்கும். கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்குபவருக்கு அங்கே சில விநாடிகளே கிடைக்கலாம்.

இதில் நீச்சல் திறமைக்குப் பெரிய பங்கில்லை. வெளியே வந்தபின் லைஃப் ஜாக்கெட் உங்களை மிதக்க வைக்கும். வெளியே வருவதுதான் கஷ்டம்.

அதற்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: பெல்ட்டை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். உட்கார்ந்ததுமே ஒரு கையால் ஜன்னல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். மறு கையால் பெல்ட்டின் கொக்கி எங்கே, எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். அது கார் பெல்ட் மாதிரி இருக்காது; பல ஹெலிகாப்டர்களில் திருகித் திறக்கும் வகைதான். கவிழ்ந்தால், ஆட்டம் நிற்கும்வரை ஜன்னல் விளிம்பைப் பிடித்தபடியே இருங்கள். பிறகு ஜன்னலைத் தள்ளித் திறந்துவிடுங்கள். அந்தப் பிடியை விடாமல் பெல்ட்டைக் கழற்றி, உடலை வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் இல்லாவிட்டால் உடல் மிதந்துபோய், வழி எந்தப் பக்கம் என்பதே மறந்துவிடும்.

லைஃப் ஜாக்கெட்டை உள்ளே இருக்கும்போது ஊதவே கூடாது. ஊதினால் அது உங்களைக் கேபினின் தரையோடு, அதாவது அப்போது மேலே இருக்கும் பக்கத்தோடு, அழுத்திவிடும்.

ஜன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். சம்பரோ விபத்துக்குப் பின் 2014-இல் பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் இதையே விதியாக்கியது. தண்ணீருக்கடியிலும் பயன்படுத்தக்கூடிய அவசர மூச்சுக்கருவி இல்லாதவர்கள் ஜன்னலை ஒட்டிய இருக்கையில்தான் உட்கார முடியும் என்று அப்போது சொன்னது. மிக அகன்ற தோள் உள்ளவர்கள் பெரிய ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும். அலை மிக உயரமாக இருந்தால் பறப்பதற்கே தடை. உங்கள் நிறுவனத்திடம் இந்த மூன்றைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள்.

மூச்சுக்கருவி தந்தால், அது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். அழுத்தக் காற்று அடைத்ததாக இருந்தால், மேலே வரும்போது மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே வர வேண்டும். அடக்கினால் நுரையீரலில் காற்று விரிந்து கிழித்துவிடும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது மட்டும் போதாது. கடல் தளத்துக்குப் போகிறவர்களுக்கான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியான போசியட்டில், குளத்தில் கேபின் மாதிரியைக் கவிழ்த்து வெளியேறச் சொல்லும் ஹ்யூவெட் பகுதி வரும். தண்ணீர் பயம் இருந்தால் பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடுதல் சுற்று வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் நான்கு ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் கையின் பழக்கம் அதற்குள் மறந்துபோகும். அதனால் ஒவ்வொரு பயணத்திலும், கதவு மூடியதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை ஜன்னல், கொக்கி, ஜன்னல் என்று கையை ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம், தளத்தில் இறங்கும்போது, ஹெலிகாப்டர் இறங்கும் மேடையின் (ஹெலிடெக்) பொறுப்பாளர் சைகை காட்டும்வரை எழுந்திருக்காதீர்கள். விமானியின் கண்ணில் படும்படி பக்கவாட்டில்தான் நடந்து போக வேண்டும். சுழலும் வால் விசிறி கண்ணுக்கே தெரியாது. அந்தப் பக்கம் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள்.