லீஸ் முடிகிற எஸ்யுவி: வண்டியை விட லோனைத்தான் விலை பேச வேண்டும்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் மூன்று வருட லீஸில் எடுத்த ஏழு சீட் எஸ்யுவி, இன்னும் நான்கு மாதத்தில் லீஸ் முடிகிறது. ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் பைஅவுட் விலை, அதாவது லீஸ் முடிவில் வண்டியைச் சொந்தமாக வாங்கும் விலை, 24,000 டாலர். இரண்டு குழந்தைகள், அவ்வப்போது வந்து தங்கும் பெற்றோர் என்று வண்டி வீட்டுக்குப் பழகிவிட்டது. "லோன் நாங்களே போட்டுத் தருகிறோம், மாதம் எவ்வளவு கட்ட முடியும், அதை மட்டும் சொல்லுங்கள்" என்கிறார் டீலர். எச்-1பி வேலை விசாவில் இருக்கிறவருக்கு வெளியே லோன் கிடைக்குமா, இல்லை டீலர் வழியே போவதுதான் நல்லதா என்று கேட்கிறீர்கள்.

வெளியே தாராளமாகக் கிடைக்கும். முதலில் வெளியே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம் டீலரிடம் போங்கள் என்பதுதான் என் பக்கம்.

ஏனென்றால் உங்கள் வண்டியின் விலை மூன்று வருடத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. லீஸ் முடிவில் வாங்கலாமா, என்ன விலைக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் காட்ட வேண்டும் என்பது 1976இல் வந்த ஃபெடரல் லீஸ் சட்டத்தின் விதி. அந்த 24,000ஐ டீலர் ஏற்றவும் முடியாது, பெரும்பாலும் குறைக்கவும் மாட்டார்கள். அப்படியானால் அவருக்கு எங்கே லாபம்? லோனின் வட்டியிலும், மேலே ஒட்டுகிற கட்டணங்களிலும்தான். அதனால்தான் விலையைப் பேசாமல் மாதத் தவணையைப் பேசுகிறார்.

லோனுக்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. கெல்லி புளூ புக் என்ற கார் விலைத் தளத்தில் விலை பாருங்கள், பழைய கார் வாங்கி விற்கும் கார்மேக்ஸ் மாதிரி இடத்தில் ஆன்லைனில் ஒரு ஆஃபர் வாங்குங்கள். சந்தை விலை 24,000க்கு மேல் என்றால் யோசிக்கவே வேண்டாம். கொஞ்சம் கீழே இருந்தாலும் உடனே கைவிட்டுவிடாதீர்கள். திருப்பிக் கொடுத்தாலும் செலவு உண்டு: டிஸ்பொசிஷன் கட்டணம் (திரும்பி வந்த வண்டியை விற்கும் செலவுக்கு) என்று சில நூறு டாலர், கீறல் நசுங்கலுக்குத் தனியாக, அனுமதித்த மைலுக்கு மேல் ஓடியிருந்தால் மைலுக்கு இத்தனை சென்ட் என்று. 6,000 மைல் கூடுதல், மைலுக்கு 25 சென்ட் என்றால் அதுவே 1,500 டாலர். வாங்கிவிட்டால் இதெல்லாம் போய்விடும். ஆகவே பைஅவுட் விலையிலிருந்து இந்தத் தொகையைக் கழித்துவிட்டுச் சந்தை விலையோடு ஒப்பிடுங்கள்.

இப்போது பணம். 24,000 என்பது முழுத் தொகை இல்லை. நியூ ஜெர்சியில் பைஅவுட் விலைக்கு 6.625 சதவீதம் விற்பனை வரி உண்டு. லீஸுக்கு ஏற்கனவே வரி கட்டினோமே என்று நீங்கள் கேட்பீர்கள். அது வாடகைக்கான வரி, இது வாங்குவதற்கான வரி. 1,590 டாலர். அதோடு ஒப்பந்தத்தில் வாங்கும் கட்டணம் என்று ஒன்று இருக்கும், டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) செலவும் இருக்கும். மொத்தம் 26,000 என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு உதாரணத்துக்கு 7 சதவீத வட்டி எடுத்துக்கொள்ளுங்கள். 48 மாதம் என்றால் தவணை சுமார் 623, மொத்த வட்டி 3,900 பக்கம். 60 மாதத்தில் தவணை 515, வட்டி 4,900. 72 மாதத்தில் தவணை 443தான், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வட்டி 5,900க்கு மேல் போகும். டீலர் உங்களிடம் தவணை கேட்பது இந்த 443ஐ நோக்கித்தான். அவர் வழியே போகும் லோனில் இன்னொன்றும் உண்டு. வங்கி அவருக்கு ஒரு வட்டி விகிதம் சொல்லும், அதன் மேல் அவர் கொஞ்சம் ஏற்றி உங்களிடம் சொல்லலாம், அது சட்டப்படி சரிதான். 7ஐ 8 ஆக்கினால் 60 மாதத்தில் மாதம் 12 டாலர்தான் கூடும், யார் கவனிப்பார்கள்? ஐந்து வருடத்தில் 740 டாலர்.

அதனால் முதலில் ஒன்றிரண்டு கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு வங்கி மாதிரி), உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கி, இங்கெல்லாம் கேளுங்கள். "லீஸ் பைஅவுட் லோன்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். சில இடங்களில் இதைப் பழைய கார் லோனாகவும், சில இடங்களில் ரீஃபைனான்ஸாகவும் (இருக்கிற கடனை மாற்றிப் போடும் லோன்) எடுத்துக்கொள்வார்கள், வட்டியும் அதற்கேற்ப மாறும். ஃபெடரல் கிரெடிட் யூனியனில் எனக்குப் பிடித்த விஷயம், லோனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் போடக் கூடாது என்பது அங்கே சட்டம். பல இடங்களில் விண்ணப்பித்தால் கிரெடிட் ஸ்கோர் விழும் என்ற பயம் வேண்டாம். கார் லோனுக்கான விசாரணைகள் எல்லாம் 14 நாளுக்குள் நடந்தால், ஸ்கோர் போடும் ஃபைகோ கணக்கில் ஒன்றாகத்தான் எண்ணப்படும். புதிய ஃபைகோ கணக்கில் 45 நாள் வரை கூட இடம் உண்டு, ஆனாலும் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

விசா விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), ஐ-797 (விசா ஒப்புதல் தாள்) எல்லாம் கேட்பார்கள், கொடுங்கள். சில இடங்களில் உங்கள் விசா முடியும் தேதிக்கு மேல் லோன் காலம் தர மாட்டார்கள். அதைப் பாகுபாடு என்று நினைத்து வருந்த வேண்டாம், அடுத்த இடத்தில் கேளுங்கள். ஆனால் அவர்கள் 72 மாதம் தந்தாலும் நீங்கள் எடுக்கக் கூடாது என்பேன். எச்-1பியில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அந்த நேரத்தில் வண்டியை விற்று ஊர் திரும்ப நேர்ந்தால், விற்ற பணத்தில் லோன் அடைய வேண்டும், கையிலிருந்து போடும்படி ஆகக் கூடாது. நீண்ட கால லோனில் ஆரம்ப வருடங்களில் பாக்கி மெதுவாகத்தான் இறங்கும், வண்டி விலையோ வேகமாக இறங்கும். முடிந்தால் மூவாயிரம் நாலாயிரம் முன்பணம் கட்டி 48 மாதத்துக்கு எடுங்கள். 60க்கு மேல் போகவே வேண்டாம்.

கையில் ஒப்புதல் வந்தபின் லீஸ் கம்பெனிக்கு நேராகப் போன் செய்து பைஅவுட் தொகையைக் கேளுங்கள். அவர்களே உங்களுக்கு நேரடியாக விற்றால் கிரெடிட் யூனியனே அவர்களுக்குப் பணம் அனுப்பிவிடும். சில கம்பெனிகள் டீலர் வழியாகத்தான் என்பார்கள். சரி, போங்கள், ஆனால் லோன் உங்களுடையதாக இருக்கட்டும். எங்கள் வண்டியை வாங்கப் போனபோது ஒரு டீலர் "இன்ஸ்பெக்ஷன் கட்டாயம், சர்டிஃபிகேஷன் கட்டாயம்" என்று ஆயிரத்துச் சொச்சம் சேர்த்து எழுதினார். "இது என் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டேன். மேனேஜரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று போனவர், அந்த வரியே இல்லாத தாளோடு வந்தார். உங்கள் கையிலிருக்கும் ஒப்புதலை விடக் குறைந்த வட்டி டீலரே தந்தால் வாங்கிக்கொள்ளலாம், நமக்கு அவர் மேல் பகையா என்ன?

எக்ஸ்டெண்டட் வாரண்டியை லோனோடு சேர்க்கச் சொல்வார்கள். பல கம்பெனிகளின் முழு வாரண்டி 3 வருடம் அல்லது 36,000 மைல் என்பதால், லீஸ் முடிகிற அதே வேளையில் அதுவும் முடியும், அந்தப் பயத்தைத்தான் விற்கிறார்கள். எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி பொதுவாக அதைத் தாண்டியும் ஓடும். 2,500 டாலர் வாரண்டியை 7 சதவீதத்தில் ஐந்து வருட லோனில் சேர்த்தால் அது 2,970 ஆகிவிடும். அதற்கு ஒரு தனி மெக்கானிக்கிடம் நூறு இருநூறு கொடுத்து இப்போதே வண்டியைச் சோதித்துக்கொள்வது மேல்.

லீஸ் முடிய ஒன்றரை மாதம் இருக்கும்போது லோனுக்கு விண்ணப்பியுங்கள். இப்போதே வாங்கினால் மீதித் தவணைகளும் பெரும்பாலும் பைஅவுட் தொகையில் சேரும், அவசரப்பட வேண்டியதில்லை. பணம் போனபின் டைட்டில் கைக்கு வரச் சில வாரம் ஆகும், எம்விசியில் (நியூ ஜெர்சி வாகனப் பதிவு அலுவலகம்) உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பணம் போன அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போன் செய்து, லீஸ் கம்பெனி பெயரை எடுத்துவிட்டு லோன் கொடுத்தவர் பெயரைப் போடச் சொல்லுங்கள். லீஸில் பெரும்பாலும் சேர்ந்தே வந்த கேப் பாதுகாப்பு (வண்டி முற்றிலும் சேதமானால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை அடைப்பது) இனி இருக்காது. முன்பணம் கட்டாமல் முழுத் தொகைக்கும் லோன் எடுப்பதாக இருந்தால் கிரெடிட் யூனியனிடமே அதற்கும் விலை கேளுங்கள், டீலரிடம் வாங்குவதை விட வழக்கமாகக் குறைவாக இருக்கும்.