ஆம்பளைக்கு அங்கே என்ன வேலை?

(பேறுகாலம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், காரைக்குடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர்)

எனக்கு ஆறாம் மாதம். தலைப்பிரசவம். நான் காட்டும் மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசவப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. கணவரையும் கூட்டிவரச் சொல்கிறார்கள். அவர் வரத் தயார். அத்தைதான், “அது பொம்பளைங்க சமாசாரம், ஆம்பளைக்கு அங்கே என்ன வேலை?” என்கிறார். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பள்ளத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே அம்மா பார்த்துக்கொள்வார். அப்படியிருக்க இவர் எதற்கு வர வேண்டும் என்று எனக்கே சில நேரம் தோன்றுகிறது.
– வாசகி, தேவகோட்டை

கூட்டிக்கொண்டு போ, ஆத்தா. முதல் வகுப்பிலிருந்தே கூட்டிக்கொண்டு போ.

அத்தை மேல் வருத்தப்படாதே. அவர் பார்த்து வளர்ந்த பேறுகாலம் வேறு. இரண்டாங்கட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுப்பார்கள், மருத்துவச்சி வருவார். அம்மா, அப்பத்தா, சின்னம்மா, பக்கத்து வீட்டுக்காரர் என்று நாலைந்து பெண்கள் சுற்றி நிற்பார்கள். ஒருவர் இடுப்பைப் பிடித்துவிடுவார், ஒருவர் வெந்நீர் போடுவார், ஒருவர் “இன்னும் கொஞ்சந்தான்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆண்கள் முகப்பில் உட்கார்ந்திருந்தால் போதும். இன்றைக்கு அந்தப் பெண்கள் எங்கே? சின்னம்மா கோயம்புத்தூரில், அக்கா மலேசியாவில். பாதி வளவு பூட்டிக் கிடக்கிறது. வலி எடுக்கிற ராத்திரி நீயும் உன் அம்மாவும்தான் வீட்டில் இருப்பீர்கள். அத்தனை பேர் சேர்ந்து செய்த வேலையை இனி யார் செய்வது? இதை அத்தையிடம் இப்படியே சொல்லிப் பார். பிள்ளை பெற்றவர், புரிந்துகொள்வார்.

வகுப்பில் உன் கணவர் கற்றுக்கொள்வதும் பெரிய வித்தை ஒன்றுமில்லை. என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வார், அதுதான் முக்கியம். தலைப்பிரசவத்தில் வலி தொடங்கி, கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறக்கவே பல மணி நேரம் ஆகலாம். 10 சென்டிமீட்டர் முழுதாகத் திறந்த பிறகுதான் முக்க வேண்டும். இது தெரியாத கணவர்கள், மனைவியின் சத்தம் கேட்டதும் “எப்படியாவது ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க” என்று வாசலில் நின்று கெஞ்சுவதை லேபர் வார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மனைவி படும் பாட்டைத் தாங்க முடியாமல்தான் கெஞ்சுகிறார்கள். இருந்தாலும், நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிற பிரசவத்தில் அந்தக் கலவரம் உள்ளே இருக்கும் பெண்ணையும் தொற்றிக்கொள்ளும்.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பட்டாலையில் பாய் விரித்து நானும் சிறிய அளவில் வகுப்பு எடுக்கிறேன். புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ஒரு தம்பி மனைவியோடு வந்தார். அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் தட்டையாக ஓர் எலும்பு இருக்கும். வலி ஏறும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியால் அந்த இடத்தை அசைக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வலி இறங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். அந்தப் பெண் வளவுத் தூணைப் பிடித்துக் குனிந்து நின்றாள். இவர் பட்டும் படாமலும் கையை வைத்தார். “எவ்வளவு பலமா அழுத்தணும்மா?” என்று என்னைக் கேட்டார். “என்னைக் கேட்காதீங்க, அவளைக் கேளுங்க” என்றேன். அவள் திரும்பாமலே, “இன்னும் கீழ... ஆங், அங்கதான், நல்லா அழுத்துங்க” என்றாள். கல்யாணமாகி அதுவரை நாலு பேர் முன்னால் கணவரிடம் அவள் இப்படிச் சத்தமாக ஒன்றைக் கேட்டிருக்க மாட்டாள். இதற்காகவே இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும் என்பேன். எனக்கு இங்கே வலிக்கிறது, இது வேண்டும், இப்போது தொடாதே என்று சொல்ல அவளும், அதைக் கேட்டுச் செய்ய அவரும் முன்னாலேயே பழகியிருக்க வேண்டும்.

மாதம் நெருங்கியபோது ஒரு ராத்திரி அவளுக்கு வலி வந்தது. தம்பி பதறவில்லை. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் உள்ள இடைவெளியைச் செல்போனில் குறித்தார். முதலில் பத்து நிமிடம், அப்புறம் இருபது, அப்புறம் நின்றேவிட்டது. சூட்டு வலி, அதாவது பொய் வலி. சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு அவள் தூங்கினாள். நிஜ வலி அப்படி நிற்காது, இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்ப வேண்டும். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வகுப்புக்குப் போனால் ஆபரேஷனே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதே. அப்படி உறுதி கொடுக்க யாராலும் முடியாது. ஆனால் வலி நேரம் முழுவதும் ஒரு துணை கூடவே இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, வலி நேரமும் கொஞ்சம் குறைகிறது. 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்ட முடிவு இது. பிள்ளை பெறும் பெண் விரும்பும் துணை அவளோடு இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் பரிந்துரைத்தது.

துணையாக யாரை உள்ளே விடுவார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண் உறவினரை அரசு மருத்துவமனையில் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், மறைப்பு வசதி உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் சொன்னது. நடைமுறையில் நம் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் அம்மாவைத்தான் எதிர்பார்க்கலாம். அதனால் அம்மாவையும் ஒரு வகுப்புக்காவது கூட்டிப்போ. எட்டாம் மாதமே மருத்துவமனையில் கேட்டுவைத்துக்கொள். கணவரை உள்ளே விடாவிட்டாலும் அவர் கற்றது வீணாகாது. தலைப்பிரசவ வலியில் பெரும்பகுதி வீட்டிலேயே கழிகிறது. தேவகோட்டையிலிருந்து பள்ளத்தூர் என்ன தூரம்? போன் போட்டால் வந்துவிடுவார்.

அப்புறம், சேனை. குழந்தை பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்கப் பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். நீ களைத்துப் படுத்திருக்கும்போது அதை அப்பத்தாவிடம் பணிவாக எடுத்துச் சொல்ல உன் கணவரால்தான் முடியும்.

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். மனைவி கானாடுகாத்தானில் இருக்கிறாள். இரண்டு வாரம்தான் விடுப்பு. பிரசவத்துக்கு முன்பே வந்து வகுப்பில் கலந்துகொள்வதா, பிறந்த பிறகு வருவதா?
– வாசகர், சிங்கப்பூர்

தம்பி, பிறந்த பிறகு வாருங்கள். டாக்டர் குறித்த தேதியிலேயே பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். 37 வாரம் முடிந்ததிலிருந்து எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம். தேதியை நம்பி விடுப்பு எடுத்தால் காத்திருப்பதிலேயே அது கரைந்துவிடும்.

வகுப்பை வீடியோ அழைப்பில் கவனியுங்கள், நடத்துகிறவரிடம் முதலில் அனுமதி கேட்டுக்கொண்டு. கையால் செய்ய வேண்டியதை மாமியார் கற்றுக்கொள்ளட்டும். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளை மட்டும் நீங்கள் மனப்பாடம் செய்யுங்கள். நடுராத்திரி போனில், “விடியட்டும்னு பார்க்காதே, இப்பவே கிளம்பு” என்று சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்.

வந்த பிறகு தொட்டிலாட்டிப் போட்டோ எடுப்பதோடு நிற்காதீர்கள். தையல் வலி, பால் கட்டும் வலி, தூக்கமின்மை எல்லாம் அந்த நாட்களில்தான். துணி மாற்றுங்கள், ராத்திரி ஏப்பம் விடவைக்கத் தோளில் போடுங்கள். மூன்றாம், நாலாம் நாளில் காரணமில்லாமல் அவளுக்கு அழுகை வரலாம். பயப்படாதீர்கள், பக்கத்தில் இருங்கள். ஊர் திரும்பிய பிறகும் தினம் கேளுங்கள். அந்த அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

வகுப்புக்குப் பணம் கட்ட வசதியில்லை. வேறு வழி உண்டா?
– வாசகி, சாக்கோட்டை

உண்டம்மா. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. அன்றைக்கு வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள். வலி எப்படித் தொடங்கும், எப்போது கிளம்ப வேண்டும், துணைக்கு யாரை விடுவீர்கள் என்ற மூன்றையும் செவிலியரிடம் அவரே கேட்கட்டும். உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரின் எண் அவர் போனிலும் இருக்கட்டும்.