செந்தூல் வீடு: முன்பணம் கட்டலாமா?

வணக்கம் சகோதரி. கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு, விலை 420,000 வெள்ளி (ரிங்கிட்), இன்றே முன்பணம் கட்டாவிட்டால் இன்னொருவர் வாங்கிவிடுவார் என்கிறார் முகவர், கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் கோலாலம்பூரில் வீடு விற்றுப் பிழைக்கிறவன்தான். அந்த 'இன்னொருவரை' எனக்கு நன்றாகவே தெரியும்!

கேட்கிற விலை வேறு, வங்கி போடும் மதிப்பு வேறு. வங்கி 380,000 என்று மதிப்பிட்டால் 90 விழுக்காட்டுக் கடன் அதற்குத்தான், அதாவது 342,000. மீதி 78,000 உங்கள் கையிலிருந்து போகும்; விலையில் 10 விழுக்காடு என்று நீங்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கும் 42,000 பத்தாது. வழக்கறிஞர் கட்டணமும் முத்திரை வரியும் தனி. அதனால் முதலில் இரண்டு மூன்று வங்கிகளில் மதிப்பு கேளுங்கள், பேரம் அப்புறம்.

குத்தகை நிலமா, மீதி எத்தனை ஆண்டு என்றும் பாருங்கள். குறைவென்றால் வங்கி தயங்கும்.

இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். லிப்ட் பக்கத்தில் பராமரிப்புக் கட்டணப் பாக்கிப் பட்டியல் நீளமாகத் தொங்கினால், லிப்ட் ஏன் பழுது என்று யாரையும் கேட்க வேண்டாம்.

முன்பணம் வழக்கமாக 2 அல்லது 3 விழுக்காடு. முகவரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். கடன் கிடைக்காவிட்டால் திருப்பித் தருவோம் என்று எழுதி வாங்கிய பிறகு, முகவர் நிறுவனம் வாடிக்கையாளர் பணத்தைத் தனியாக வைக்கும் 'வாடிக்கையாளர் கணக்கில்' கட்டுங்கள்.