கோழிக் கழிச்சலும் ஆன்டிபயாடிக்கும்: கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்

முட்டைக்கோழிப் பண்ணையாளர், நாமக்கல்: ஈ.கோலை பாக்டீரியா என்று லேப் ரிப்போர்ட் வந்தது. நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு ‘எஸ்’, அதாவது கேட்கும் என்று போட்டிருந்தார்கள். தண்ணீரில் கலந்து கொடுத்தும் சாவு நிற்கவில்லையே டாக்டர், ரிப்போர்ட் தப்பா?

பதில்: தப்பாக இருக்க வேண்டியதில்லை. லேபில் தட்டு முழுக்கக் கிருமியைத் தடவி, மருந்து ஊறிய சின்ன வில்லைகளை வைத்து, 37 டிகிரியில் ஓர் இரவு விடுவார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துதான் எஸ் (கேட்கும்), ஐ (இடைநிலை), ஆர் (கேட்காது) என்று எழுதுகிறார்கள். தட்டில் மருந்தும் கிருமியும் ஒட்டி இருக்கின்றன, கோழிக்குள் அப்படியா? வாய்வழி கொடுக்கும் நியோமைசின் பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும். அறுத்துப் பார்த்தபோது கல்லீரல் மேலும் இதயத்தின் மேலும் வெள்ளையாகச் சவ்வு படர்ந்திருந்ததா? இருந்தால் கிருமி குடலைத் தாண்டிவிட்டது. அதே ரிப்போர்ட்டில் ‘எஸ்’ வந்தவற்றில் ரத்தத்தில் ஏறும் மருந்தாக உங்கள் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். என்ரோஃப்ளாக்சசின் மட்டும் வேண்டாம், முட்டையில் தங்கும்.

கறிக்கோழிப் பண்ணையாளர், பல்லடம்: 24 நாள் கோழிகள். குடல் ஊதி, உள்பக்கம் பழுப்பாகத் தவிடு அப்பினாற்போல் இருக்கிறது. பழைய கொலிஸ்டின் பாக்கி உள்ளது, கொடுக்கலாமா?

பதில்: கூடாது. உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்கு அதை இந்தியாவில் 2019 ஜூலையிலேயே தடை செய்தாயிற்று. தடை இல்லாவிட்டாலும் வீண்தான். நீங்கள் சொல்வது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற குடல் பாக்டீரியா போலத் தெரிகிறது; அது கிராம் பாசிட்டிவ் வகை, கிராம் நெகட்டிவ் வகைக்கான கொலிஸ்டின் அதைத் தொடாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் கிருமி என்பதால் ஜென்டாமைசினும் கேட்காது. வழக்கமாக அமாக்சிசிலின் வகை கேட்கும். ஆனால் ரத்தக் கழிச்சல் குடல் சுவரைப் புண்ணாக்கிய பிறகுதான் இது பெரும்பாலும் கிளம்பும். எச்சத்தில் ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஈரமான ஆழ்கூளத்தை (தரையில் பரப்பிய படுக்கையை) மாற்றுங்கள். இல்லையேல் அடுத்த பேட்ச்சிலும் இதே கதைதான்.

நாட்டுக்கோழி வளர்ப்பவர், திண்டுக்கல்: வெள்ளைக்கழிச்சலுக்கு எந்த ஆன்டிபயாடிக் நல்லது?

பதில்: எதுவுமில்லை அம்மா. நம் ஊரில் அந்தப் பெயரில் சொல்வது பெரும்பாலும் ராணிக்கெட், அது வைரஸ். தடுப்பூசிதான் வழி.

புதிய பண்ணையாளர், ஈரோடு: சாம்பிள் எப்படிக் கொண்டுபோவது சார்?

பதில்: மருந்து தொடங்கும் முன்பே. நோயுற்ற கோழியை உயிரோடு கொண்டுபோவது உத்தமம், இல்லையென்றால் அப்போதுதான் செத்தது. ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஃப்ரீசரில் உறைய விடாதீர்கள். தரையில் கிடக்கும் எச்சத்தை மட்டும் அள்ளிப் போகாதீர்கள். நல்ல கோழியின் குடலிலும் ஈ.கோலை உண்டு, நோயைக் கொடுத்தது எது என்று அதில் பிரித்தறிய முடியாது.