கவுண்ட்டவுன் மேடை ஏறும் முன்: வாசகர் கேள்வி-பதில்

பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 1982 நவம்பர் 2 அன்று தொடங்கியபோது அதில் வந்த முதல் நிகழ்ச்சி ‘கவுண்ட்டவுன்’. 1965-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சி தொடங்கிய சொல் விளையாட்டுதான் இதற்கு மூலம். இதில் போட்டியிட நினைக்கும் வாசகர்கள் நிறைய எழுதுகிறார்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: நான் நிகழ்ச்சியை அவ்வப்போதுதான் பார்த்திருக்கிறேன். விதிகளையும் மதிப்பெண்ணையும் சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

ப: மொத்தம் 15 சுற்றுகள்: எழுத்துச் சுற்று 10, எண் சுற்று 4, கடைசியில் ‘கனண்ட்ரம்’ எனப்படும் ஒன்பதெழுத்துப் புதிர் 1. ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி. எழுத்துச் சுற்றில் ஒருவர் ‘வவல்’, ‘கான்சனன்ட்’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டு 9 எழுத்துகள் எடுப்பார். அவற்றில் குறைந்தது 3 உயிரும் 4 மெய்யும் இருந்தாக வேண்டும். எழுத்துக்கு 1 மதிப்பெண். ஒன்பதையும் பயன்படுத்தினால் இரட்டிப்பாக 18. நீளமான சொல் வைத்திருப்பவருக்கு மட்டுமே மதிப்பெண். இருவருடைய சொல்லும் ஒரே நீளம் என்றால் இருவருக்கும் உண்டு.

எண் சுற்றில் ஆறு எண்களைக் கொண்டு கணக்குப் போட்டு, தரப்படும் இலக்கு எண்ணை எட்ட வேண்டும். அதைச் சரியாகத் தொட்டால் 10, ஐந்துக்குள் நெருங்கினால் 7, ஆறிலிருந்து பத்துக்குள் என்றால் 5. இங்கும் அதிகம் நெருங்கியவருக்குத்தான் மதிப்பெண். கனண்ட்ரத்தை முதலில் அவிழ்ப்பவருக்கு 10.

கே: எனக்கு ஆங்கிலச் சொல்வளம் நன்றாகவே உண்டு. ஆனாலும் வீட்டில் ஆடிப் பார்த்தால் ஆறெழுத்தைத் தாண்டுவதில்லை. ஏன்?

ப: எழுத்துகளை வந்த வரிசையிலேயே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பலகையில் வந்த வரிசை கண்ணைக் கட்டிப்போடும். எழுத்துகள் விழ விழ அவற்றைத் தாளில் வட்டமாக எழுதுங்கள். தொடக்கமும் முடிவும் இல்லாததால் கண் தானாகவே புது இணைகளைத் தேடும். அடுத்து, சொல்லின் வாலாக வரக்கூடியவற்றைத் தனியே ஒதுக்குங்கள்: எஸ், ஈஆர், ஈஆர்எஸ், ஐஎன்ஜி, ஐஈஆர், ஐஈஎஸ்டி. பிறகு ‘ரீ’, ‘அவுட்’ போன்ற தலைகள். மிச்சம் இருக்கும் நாலைந்து எழுத்தில் என்ன அமைகிறது என்று பார்ப்பது ஒன்பதையும் ஒரேயடியாகப் புரட்டுவதைவிட எளிது.

ஓர் உதாரணம். வந்தவை: ஜி, ஏ, எஸ், எம், ஈ, ஆர், ஐ, எல், என். ஐஎன்ஜி கண்ணில் பட்டதும் பலரும் அதையே பிடித்துத் தொங்குவார்கள். ‘ஸ்மியரிங்’ என்று எட்டு தேறும், ஒன்பது வராது. அதை விட்டுவிட்டு எஸ்ஸை மட்டும் ஒதுக்கினால் ‘ஆங்லர்ஸ்’ ஏழு, ‘மினரல்ஸ்’ எட்டு. ஈஆர்எஸ் மூன்றையும் ஒதுக்கினால் எம், ஏ, எல், ஐ, என், ஜி மிஞ்சும்: ‘மலிங்கர்ஸ்’, ஒன்பது, 18 மதிப்பெண். நோய் என்று பாசாங்கு செய்து வேலைக்கு மட்டம் போடுவதைச் சொல்லும் வினைச்சொல் அது. ஒரு வாலைப் பிடித்தால் பத்து விநாடிக்கு மேல் அதிலேயே நிற்காதீர்கள். அடுத்த வாலுக்குத் தாவுங்கள்.

கே: எந்தச் சொற்களை ஏற்க மாட்டார்கள்?

ப: ஆக்ஸ்ஃபோர்டு அகராதிதான் நீதிபதி. பெயர்ச்சொற்களில் ஆள், ஊர்ப் பெயர்கள் கூடாது. பெரிய எழுத்தில் தொடங்குபவை, இடையில் கோடு போட்டு எழுதுபவை, அமெரிக்க எழுத்துக்கூட்டல் எதுவும் கூடாது. இவை பெரும்பாலோருக்குத் தெரியும். ஆட்கள் விழுவது வேறு மூன்று இடங்களில்.

ஒன்று, எண்ண முடியாத பொருட்பெயருக்கு எஸ் ஒட்டிப் பன்மையாக்குவது. இரண்டு, எந்த வினைச்சொல்லுக்கும் ஈஆர் சேர்த்துச் ‘செய்பவர்’ ஆக்கிவிடுவது. அகராதியில் அந்த வடிவம் தனியாக இருந்தால்தான் செல்லும். மூன்று, உரிச்சொல்லின் ஒப்பீட்டு வடிவங்கள். ஓரசைச் சொல்லானால் ஈஆர், ஈஎஸ்டி தாராளமாகச் சேர்க்கலாம். அதைவிட நீண்டதானால் அகராதி அனுமதித்திருக்க வேண்டும். ‘ரீ’யும் ‘அன்’னும் இப்படித்தான்: பொருள் புரிகிறது என்பதற்காக ஏற்க மாட்டார்கள்.

கே: ஆங்கிலம் எனக்கு இரண்டாம் மொழி. ஆனால் ஸ்கிராபிள் ஆடிப் பழக்கம் உண்டு. போதுமா?

ப: மொழி தடையில்லை. பிரெஞ்சு பேசத் தெரியாத நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், சொற்களை மனப்பாடம் செய்தே 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். உங்களுக்குத் தடையாக இருக்கப்போவது ஸ்கிராபிள் பழக்கம்தான். அங்கே செல்லும் பல சொற்கள் ஆக்ஸ்ஃபோர்டில் கிடையாது. இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களுக்கு இங்கே பயனும் இல்லை. ஏழு, எட்டு எழுத்துச் சொற்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் ஆக்ஸ்ஃபோர்டில் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஏழெழுத்துச் சொல் ஒன்று தோன்றுகிறது, அகராதியில் இருக்குமா என்று சந்தேகம். ஆறெழுத்து உறுதியாக இருக்கிறது. எதைச் சொல்வது?

ப: இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் ஆட்டத்தின் நாடியைப் பிடித்தது இதுதான். எழுத்து எடுத்தவர் முதலில் தன் எண்ணிக்கையை அறிவிக்க வேண்டும். எதிராளி எடுத்த சுற்றில் அவர் எண்ணிக்கையைக் கேட்ட பிறகே நீங்கள் சொல்கிறீர்கள் என்பதால் கணக்குப் போட இடமுண்டு.

எதிராளி ஏழு என்றால் யோசிக்கவே வேண்டாம். அவர் சொல் செல்லுபடியானால் உங்கள் ஆறுக்குப் பூஜ்யம்தான். சந்தேக ஏழைச் சொல்லிவிடுங்கள்.

எதிராளி ஆறு என்றால்: நீங்களும் ஆறு சொன்னால் சமன். ஏழு சொல்லி அது செல்லுபடியானால் 7 கூடும், அவருக்கு ஒன்றுமில்லை. செல்லாவிட்டால் அவருக்கு 6, உங்களுக்கு ஒன்றுமில்லை. பதிமூன்றில் ஆறு பங்குக்கு மேல், அதாவது ஏறத்தாழ பாதி நம்பிக்கை இருந்தாலே இறங்கலாம்.

எதிராளி ஐந்து என்றால் கதை தலைகீழ். உறுதியான ஆறே உங்களுக்கு 6 மதிப்பெண் முன்னிலை தருகிறது. ஏழு சொல்வதால் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று. தவறினால் அந்த ஆறும் போய் அவருக்கு ஐந்தும் சேரும். பன்னிரண்டில் பதினொரு பங்கு உறுதி இல்லாமல் தொடாதீர்கள். இந்த ஒரு மதிப்பெண் ஆசையில்தான் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் சறுக்குகிறார்கள்.

நீங்கள் முதலில் அறிவிக்கும் சுற்றில் எதிராளியின் பலத்தை ஊகிக்க வேண்டியதுதான். அவர் தொடர்ந்து ஏழு, எட்டு எடுக்கிறவர் என்றால் துணியுங்கள்.

இன்னொன்று: சொல் கிடைத்ததும் எழுதிவிடுங்கள். இருவரும் ஒரே நீளம் சொல்லும்போது தாளைக் காட்ட வேண்டிவரும். எழுதாதவர் அதை அறிவிக்கும்போதே சொல்லிவிட்டு, தன் சொல்லை முதலில் வெளியிட வேண்டும். எழுதியதும் ஒவ்வோர் எழுத்தையும் பலகையில் அடித்துப் பாருங்கள். ஒரே ஒரு ஈ இருக்க, இரண்டு ஈ போட்டு எட்டெழுத்து என்று மகிழ்வது அகராதிச் சிக்கலைவிட அடிக்கடி நடக்கிறது.

கே: எண் சுற்றைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. எங்கிருந்து தொடங்குவது?

ப: பயப்பட வேண்டிய சுற்றே அல்ல. சொல்லுக்கு அகராதி முழுவதும் எதிரே நிற்கிறது. எண்ணுக்கு 24 சீட்டுகள் மட்டுமே. 25, 50, 75, 100 ஒவ்வொன்று. 1 முதல் 10 வரை இரண்டிரண்டு. அதில் ஆறு எடுக்க வேண்டும். இலக்கு 101-இலிருந்து 999-க்குள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும். ஒரு சீட்டை ஒரு முறைதான் பயன்படுத்தலாம், ஆறையும் பயன்படுத்த வேண்டியதில்லை. நடுவில் எங்கும் பின்னம் வரக்கூடாது.

முதல் வேலை 25, 75 வாய்ப்பாடுகள். 75-ஐ 13 வரை (975) யோசிக்காமல் சொல்ல வேண்டும். இலக்கு வந்ததும் அதற்கு அருகே இருக்கும் மடங்கைப் பிடித்து, மீதத்தைச் சிறிய எண்களால் கட்டுங்கள். சீட்டுகள் 75, 9, 6, 4, 3, 2; இலக்கு 683 என்றால் 75 × 9 = 675, குறைவது 8, அது 6 + 2. முடிந்தது.

அடுத்த படி, பெருக்கும் முன்பே பெரிய எண்ணைச் சற்று நகர்த்துவது. சீட்டுகள் 75, 9, 5, 3, 2, 1, இலக்கு 702. முதல் வழியில் போனால் 675-க்கு மேல் 27 வேண்டும். (5 × 2 − 1) × 3 என்று கிடைக்கும், ஆனால் எல்லாச் சீட்டும் தீர்ந்துவிடும். 702-ஐ ஒன்பதால் வகுத்துப் பார்த்தவருக்கு 78 தெரியும்: (75 + 3) × 9. இரண்டே அடி. அடி குறையக் குறைய, சொல்லும்போது உளறும் வாய்ப்பும் குறையும்.

20 விநாடி ஓடியும் சரியான விடை வராவிட்டால், ஐந்துக்குள் வரும் ஒன்றை உடனே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மிச்ச நேரத்தில் தேடலாம். வெறுங்கையோடு மணி அடிப்பதைவிட 7 மேல். அடிக்கு ஒரு வரியாக எழுதி, பயன்படுத்திய சீட்டை உடனே அடித்துவிடுங்கள். ‘ஒரே ஏழை இரண்டு முறை’ என்ற பிழை இதனால் ஒழியும்.

கே: பெரிய எண் எத்தனை கேட்பது? நான்கும் கேட்பது அசட்டுத் துணிச்சலா?

ப: ஒன்று பெரியது, ஐந்து சிறியது என்பதே பாதுகாப்பு, பெரும்பாலும் இருவருக்கும் விடை கிடைக்கும். நீங்கள் முன்னிலையில் இருந்தால் இதைத்தான் கேட்க வேண்டும். பின்தங்கியிருந்தால் எளிய சுற்று உங்களுக்கு எதிரி; இருவரும் 10 வாங்கினால் இடைவெளி அப்படியே நிற்கும். அப்போது நான்கு பெரியது அல்லது ஆறும் சிறியது கேளுங்கள். ஆனால் பயிற்சி இல்லாமல் கேட்டால் குழி உங்களுக்குத்தான்.

நான்கு பெரியதுக்கு ஒரு நுட்பம் உண்டு. 1997-இல் ஒளிபரப்பான ஓர் ஆட்டத்தில் சீட்டுகள் 100, 75, 50, 25, 6, 3, இலக்கு 952. போட்டியாளர் சொன்ன விடை: 100 + 6 = 106, மூன்றால் பெருக்கி 318, 75-ஆல் பெருக்கி 23,850, அதில் 50 கழித்து 23,800, 25-ஆல் வகுத்து 952. கேட்டவர்கள் மலைத்துப்போனார்கள். உள்ளே பார்த்தால் மாயம் இல்லை. 75-ஆல் பெருக்கி 25-ஆல் வகுப்பது மூன்றால் பெருக்குவதுதான்; 50-ஐ 25-ஆல் வகுத்தால் 2. ஆக அவர் செய்தது 106 × 9 − 2. பெரிய எண்கள் இப்படி 2, 3, 4 ஆக வேடம் போடும் என்று பழகிவிட்டால் ‘நான்கு பெரியது’ உங்கள் ஆயுதம்.

கே: கனண்ட்ரத்தில் உடனே பொத்தானை அழுத்துவதா, உறுதியானதும் அழுத்துவதா?

ப: மதிப்பெண் பலகையைப் பாருங்கள். தவறாகச் சொன்னால் அந்தச் சுற்றில் உங்களுக்கு மறு வாய்ப்பு இல்லை, மீதி நேரம் முழுவதும் எதிராளிக்கு. பத்துக்கு மேல் முன்னிலை என்றால் எதுவும் கெடாது. பத்து அல்லது அதற்குக் குறைவான முன்னிலையில் இருப்பவர் அவசரப்பட்டு ஊகிக்கக் கூடாது. பின்தங்கியவர் அரைகுறை உறுதியிலும் அழுத்தலாம். சமனில் முடிந்தால் இன்னொரு கனண்ட்ரம் தருவார்கள்.

புதிரை வேண்டுமென்றே திசை திருப்பும்படி அடுக்குவார்கள். ஜி, ஆர், ஈ, ஈ, என், ஒய், எம், சி, ஈ என்று வந்தால் ‘கிரீன்’ கண்ணைப் பறிக்கும். அதை உடையுங்கள். ஒய்யும் சியும் என்னும் சேர்ந்திருந்தால் ஈஎன்சிஒய் என்ற வால் இருக்கலாம். மிஞ்சுவது ஈ, எம், ஈ, ஆர், ஜி. ‘எமர்ஜென்சி’.

கே: வீட்டில் தனியாகப் பயிற்சி செய்ய வழி?

ப: எண்ணுக்கு அட்டையில் மேலே சொன்ன 24 சீட்டையும் வெட்டிக்கொள்ளுங்கள். இலக்குக்கு 0 முதல் 9 வரை எழுதிய துண்டுகளில் மூன்றை எடுத்தால் போதும். எடுத்த துண்டைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். எழுத்துக்கு உயிர், மெய் என இரண்டு கட்டு; ஈ, ஏ, ஆர், எஸ், என் போன்றவற்றை அதிகமாகவும் கியூ, இசட் போன்றவற்றை ஒவ்வொன்றாகவும் வையுங்கள். 30 விநாடி முடிந்ததும் பேனாவைக் கீழே வைத்து, விடையை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனத்தில் தெளிவாக இருந்த கணக்கு, சொல்லும்போது குழம்புவதை அப்போதுதான் கண்டுபிடிப்பீர்கள்.

கே: வென்றால் எவ்வளவு பணம்?

ப: பணம் கிடையாது. வென்றவருக்கு நிகழ்ச்சியின் பெயர் பொறித்த டீ பாட் கிடைக்கும். அதற்காகத்தான் இத்தனை அடிதடி. தொடர்ந்து எட்டு ஆட்டம் வென்றால் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்று, தொடரின் முடிவில் நடக்கும் இறுதிச் சுற்றுகளுக்குத் திரும்பலாம். அங்கே முதல் எட்டுப் பேரை வரிசைப்படுத்துவது வெற்றிகளின் எண்ணிக்கையும், அது சமமானால் மொத்த மதிப்பெண்ணும். எனவே 40 மதிப்பெண் முன்னிலையில் இருந்தாலும் கடைசிச் சுற்றுவரை முழு மூச்சாக ஆடுங்கள்.

படப்பிடிப்பு சால்ஃபோர்டின் மீடியாசிட்டியில். ஒரே நாளில் பல ஆட்டங்களைப் பதிவு செய்வார்கள். ஒளிபரப்பாவது வெவ்வேறு நாளில். ஆகவே வெல்லும் எண்ணத்தோடு போகிறவர் நாலைந்து மேற்சட்டைகள் எடுத்துப்போக வேண்டும். நெருக்கமான கோடு, சிறு கட்டம் போட்டவை கேமராவில் அலையடிக்கும்; ஒற்றை நிறமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.