வீட்டை அடகு வைக்கும் முன் மகளின் கேள்வியைக் கேளுங்கள்

குடியாத்தத்திலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். வயது 52, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, வேலூரில் ஒரு வருடம் கோச்சிங் போய், நீட் இரண்டு முறை எழுதியும் சீட் எட்டவில்லை. மைத்துனர் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். ஏஜென்ட்டை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். வீட்டை வைத்து 30 லட்சம் புரட்டச் சொல்கிறார்கள். "தம்பிக்குக் கிட்னி குழாய் அடைப்புன்னு ஆபரேஷன் ஆனதிலிருந்து இவளுக்கு இதே பேச்சு. படுத்தே கிடந்தாலும் மூத்திரம் எப்படிக் கீழே இறங்குது, வெட்டித் தைச்ச இடத்துல தசை திரும்ப வேலை செய்யுமான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. டாக்டர் ஆகப் பிறந்தவ சார். என்ன செய்யட்டும்?"

உங்கள் பதற்றம் புரிகிறது, சார். ஆனால் ஏஜென்ட் அட்வான்ஸ் கேட்டு நிற்கும்போது ஆறுதல் சொல்லிப் பயனில்லை. கணக்கைப் பாருங்கள். 30 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை 41,000 ரூபாயைத் தாண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. 2021-ல் வந்த விதிப்படி வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து இங்கே இன்னும் 12 மாதம். இடையில் தகுதித் தேர்வு, 300-க்கு 150 எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எழுதுபவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. எல்லாம் தடங்கல் இல்லாமல் நடந்தாலும் உங்களுக்கு 58 தாண்டிவிடும். மைத்துனர் தாய்மாமன் என்ற உரிமையில் பேசுகிறார், தவணை கட்டப்போவது நீங்கள். வீட்டை வைக்காதீர்கள்.

இன்னொன்று, உங்கள் மகள் கேட்பது டாக்டரின் கேள்வியே அல்ல. அடைப்பை எப்படி எடுப்பது என்று அவள் கேட்கவில்லை. தசை எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிறாள். அதையே ஆயுள் முழுக்கக் கேட்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது: பிசியாலஜி, அதாவது உடற்செயலியல். நர்சிங், பார்மசி, பாராமெடிக்கல் எல்லாம் ஊரே சொல்லும், அதற்கு நான் தேவையில்லை.

அவள் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அவளிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய் 25 முதல் 30 செ.மீ. நீளம். அதன் சுவரில் இருப்பது மென்தசை, நம் இஷ்டத்துக்கு அசைக்க முடியாதது. குடலில் வட்டத் தசை உள்ளே, நீளத் தசை வெளியே. இந்தக் குழாயில் நீளவாக்கில் ஓடுவது உள்ளே, வட்டமாகச் சுற்றுவது வெளியே, கீழ் மூன்றில் ஒரு பகுதியில் வெளிப்புறம் இன்னொரு நீள அடுக்கு. புத்தகப் படத்தில் இவை தனித்தனியாகத் தெரியும், மைக்ராஸ்கோப்பில் கட்டுகள் சுருளாகப் பின்னிக் கிடக்கும்.

அலை தொடங்குவது மேலே, சிறுநீரகத்துக்குள் இருக்கும் கிண்ணம் போன்ற அறைகளின் ஓரத்தில். அங்குள்ள சில தசைச் செல்கள் தாமாகவே மின்துடிப்பை எழுப்புகின்றன. துடிப்பு செல்லிலிருந்து செல்லுக்குத் தாவி இறங்கும்போது கால்சியம் உள்ளே நுழைகிறது, தசை சுருங்குகிறது. நிமிடத்துக்கு இரண்டு முதல் ஆறு அலைகள், நொடிக்கு இரண்டு மூன்று செ.மீ. வேகம். சும்மா இருக்கும்போது குழாய்க்குள் 0 முதல் 5 செ.மீ. நீர் அழுத்தம், சுருங்கும்போது 20 முதல் 80 வரை ஏறும். அதனால்தான் படுத்திருந்தாலும் சிறுநீர் இறங்குகிறது.

இதற்கு நரம்பின் கட்டளை தேவையில்லை. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-ல் நம் வேலூர் சி.எம்.சி.-யில் நடந்தது. மாற்றி வைக்கும் சிறுநீரகத்தின் நரம்புகள் எல்லாம் அறுந்துவிடும், ஆனாலும் அதன் குழாய் அலையடித்துச் சிறுநீரைத் தள்ளுகிறது. தம்பிக்குத் தைத்த இடமும் அப்படித்தான். தழும்பு அதிகம் விழாமல் ஆறினால் தசை இணைந்து அலை கடந்து போகும். சிறுநீரகமும் குழாயும் சேரும் கணுவில் பிறவியிலேயே தசைக் கட்டுகள் சீர்குலைந்து, நார் மிகுந்து, துடிப்பைக் கடத்தும் செல்கள் குறைந்திருப்பதும் அடைப்புக்கு ஒரு காரணம். குழாய் அளவுக்கு மீறி விரிந்துவிட்டால் சுவர்கள் ஒன்றையொன்று தொட முடியாது, எவ்வளவு சுருங்கினாலும் சிறுநீர் நகராது.

இதைப் படிக்கும்போது அவள் கண் விரிகிறதா, அலுப்புத் தட்டுகிறதா என்று பாருங்கள். விரிந்தால், லேபில் செய்யும் வேலை இது. அறுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டுச் சிறுநீரகத்தைக் குழாயோடு வாங்கி, உடல் திரவத்தை ஒத்த குளிர்ந்த உப்புக் கரைசலில் (கிரெப்ஸ் கரைசல்) போட்டுக் கொண்டுவர வேண்டும். கொழுப்பை உரித்து, ஒரு செ.மீ. துண்டு வெட்டி, இரு முனையிலும் நூல் கட்டி, 37 டிகிரி கரைசலில் தொங்கவிட்டு, ஒரு முனையை விசை அளக்கும் கருவியில் மாட்டுவார்கள். 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் குமிழியாக ஓட வேண்டும். குமிழி விடுமுன் கால்சியத்தைச் சேர்த்தால் கரைசல் பால் போலக் கலங்கிவிடும். குமிழி வேகம் கூடினால் நூல் ஆடி, தசை சுருங்குவது போலப் பொய்க்கோடு விழும். உரிக்கும்போது இழுத்துவிட்டால் தசை செத்தது மாதிரி கிடக்கும், பொட்டாசியம் கூட்டிய கரைசல் ஊற்றி உயிர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் சரியாக அமைந்தால் மேல்முனைத் துண்டு, யாரும் தொடாமலே, திரையில் வரிசையாகக் கோடு போடத் தொடங்கும். கால்சியம் இல்லாத கரைசலுக்கு மாற்றினால் நின்றுவிடும். கீழ்க்குழாயில் கல் மாட்டியவர்களுக்கு டாம்சுலோசின் எழுதுகிறார்களே, அது எங்கே பிடித்துத் தசையைத் தளர்த்துகிறது என்பதெல்லாம் இப்படிப்பட்ட தொட்டிகளில் கண்டறிந்ததுதான். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நம் மாவட்டத்தில் கல் வலியோடு வருபவர்களுக்குக் குறைவில்லை. இந்தத் தசையைப் பற்றிக் கேட்க இன்னும் நிறைய இருக்கிறது.

வழி இதுதான். முதலில் மூன்று வருடம் பி.எஸ்சி. விலங்கியல் அல்லது பயோகெமிஸ்ட்ரி, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில். அரசுக் கலைக் கல்லூரி கிடைத்தால் செலவு மிகக் குறைவு. உதவிபெறும் பள்ளி என்பதால் மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு இல்லை, ஆனால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருந்தால் கிடைக்கும். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பிறகு எம்.எஸ்சி. பிசியாலஜி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அடிப்படை மருத்துவ அறிவியலுக்கென்றே ஒரு முதுநிலை நிறுவனம் இருக்கிறது, முதல் குறி அதுவாக இருக்கட்டும். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் மூன்று வருட மெடிக்கல் பிசியாலஜி உண்டு, கட்டணம் பல மடங்கு. கடன் வாங்கி அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

தமிழ் வழியில் படித்தவளுக்கு முதல் வருடம் ஆங்கிலப் பாடப்புத்தகம் கழுத்தைப் பிடிக்கும். தினமும் இரண்டு பக்கம் படித்து, தன் வார்த்தையில் தமிழில் எழுதி, மறுநாள் அதையே ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். எம்.எஸ்சி.-யோடு நின்றால் வேலை மெலிவு. மருத்துவக் கல்லூரிகளில் டாக்டர் அல்லாத ஆசிரியர்களுக்கான பங்கை விதிகள் மாற்றி மாற்றி வைத்திருக்கின்றன, அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசிய அளவிலான தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை எடுத்துப் பிஎச்.டி. போக வேண்டும். அந்த உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்திலேயே அந்தத் தேர்வுக்கு உட்கார வேண்டும். மருந்துக் கம்பெனிகளின் ஆய்வுக்கூடங்கள், நரம்பு, தூக்கப் பரிசோதனைப் பிரிவுகள், பிசியோதெரபி கல்லூரிகள் என்று வேறு வாசல்களும் உண்டு. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று வருவதற்குப் பிஎச்.டி. வரை ஒன்பது பத்து வருடம் ஆகும். மைத்துனர் அதையும் குறை சொல்வார், சொல்லட்டும்.

ஏஜென்ட்டுக்கு இந்த வாரம் அட்வான்ஸ் தராதீர்கள், வீட்டுப் பத்திரத்தின் நகலையும் கொடுக்காதீர்கள். அரசுக் கலைக் கல்லூரி ஆன்லைன் விண்ணப்பத்தில் விலங்கியல், பயோகெமிஸ்ட்ரி இரண்டையும் போடுங்கள். விருப்ப வரிசையை அவளே நிரப்பட்டும்.